குளித்துவிட்டு வராதீர்கள்

அம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் அல்ல, முதுகு. அய்யம்பாளையத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அம்மா அவற்றின் முன்னால் மண்டியிட்டு, நான்காக மடித்த துண்டை அடிவயிற்றில் வைத்து, மூட்டையின் விளிம்போடு சேர்த்து அழுத்திக்கொண்டு, முகத்தைச் சாக்கில் புதைத்திருப்பாள். சத்தம் வராது. முதுகு மட்டும் ஏறி இறங்கும். மாதத்தில் சில நாட்கள் அப்படி. மற்ற நாட்களில் தோப்புக்குப் போவாள், வேலையாட்களோடு சண்டை போடுவாள், தெருவே திரும்பிப் பார்க்கச் சிரிப்பாள்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அவள் வயிறு வீங்கியது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். "உள்ள கட்டியாம். முத்திப்போச்சாம்" என்று சித்தப்பா வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் பெயர் சொல்லாமல் "அந்த வியாதி" என்றார்கள்.

பல வருடங்கள் கழித்து, எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு காலை நேரம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழியும் வாடை வந்தது. எழுந்துபோய் அணைக்க முடியவில்லை. இரும்புக் கட்டிலின் முன்னால் மண்டியிட்டு, அதன் சட்டத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு, போர்வையில் முகத்தைப் புதைத்திருந்தேன். அடிவயிற்றில் ஒரு துண்டு இருந்தது. நான்காக மடித்திருந்தேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

வலி அதற்கு முன்பும் இருந்தது. பயம் அன்றுதான் வந்தது.

திருமணத்துக்கு முன் மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில், நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தும் வேலை பார்த்தேன். கணவருக்குக் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் ஸ்டோர் கீப்பர் வேலை. மலைக்கு வந்த பிறகு அதே நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்: மண்சரிவு, மலர்க் கண்காட்சி, மன்னவனூர்ப் பக்கம் உருளைக்கிழங்குப் பயிரில் நோய், சீசனில் தண்ணீர்த் தட்டுப்பாடு. எழுதியதைக் கவரில் போட்டு, மதுரைப் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். அங்கே அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். என் செய்தி ஆசிரியர் எனக்கு உருப்படியாகச் சொல்லித் தந்தது ஒன்றுதான். எது நடந்தாலும் நடக்கும்போது போய்ப் பார். மறுநாள் போனால் சாம்பலைத்தான் எழுதுவாய். அதை நான் மண்சரிவுக்கும் தீ விபத்துக்கும் தவறாமல் கடைப்பிடித்தேன். என் உடம்புக்குக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பல வருடங்கள் எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பக்கம் பெண்கள் மாதவிலக்கு நாட்களில் டாக்டரிடம் போவதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். என்ன வலியானாலும் அது முடிந்து, தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போய் உட்கார வேண்டும். என் மாமியார் மிஷன் வளாகத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீட்டு கீட்டு என்றெல்லாம் பேச மாட்டார். அந்த நாட்களில் கோயிலுக்குக்கூட என்னைக் கூட்டிப் போவார். டாக்டர் விஷயத்தில் மட்டும் அசைய மாட்டார்.

"கோயிலுக்குப் போகலாம், டாக்டர்கிட்ட போகக் கூடாதா அத்தை?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ஏ இவளே, சேசு கோவிச்சுக்க மாட்டாரு. டாக்டர் கோவிச்சுக்குவாரு. குளிச்சிட்டுப் போ."

அவர் சொன்னதில் தப்பில்லை. பஜார் பக்கம் இருந்த எங்கள் டாக்டரே அப்படித்தான் சொல்வார். வயதானவர், நல்ல மனிதர், கைகள் எப்போதும் சில்லென்று இருக்கும். குளித்துவிட்டுப் போவேன். மேசையில் படுக்கச் சொல்லி, சேலைக்கு மேலேயே வயிற்றை அங்கங்கே அழுத்துவார்.

"இங்க வலிக்குதா?"

"இப்ப இல்ல டாக்டர்."

"இங்க?"

"இப்ப இல்ல."

"இப்ப எங்கதாம்மா வலிக்குது?"

"இப்ப எங்கயும் இல்ல டாக்டர். அப்ப வலிச்சுச்சு."

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொல்வார்: "இந்தக் குளிருக்கு வயித்தைப் பிடிக்கத்தாம்மா செய்யும். ஒரு பிள்ளையைப் பெத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

பிள்ளை வரவில்லை. வலி மட்டும் தவறாமல் வந்தது. முதலில் இரண்டு நாள் இருந்தது பிறகு ஒரு வாரமானது. மலம் கழிக்க உட்கார்ந்தால் உள்ளே கத்தி இறங்குவது போல இருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணவரோடு படுக்கும்போதும் வலித்தது. அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. செய்தியில் ஒரு சொல் தவறாக வந்தால் கோபப்படுகிற நான், சில்லென்ற கைகளுடைய அந்த நல்ல மனிதரிடம் "வயித்து வலி" என்று மட்டும் சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

குடல்புண் என்று மருந்து தந்தார். பிறகு பூச்சி மருந்து. பிறகு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே குடல்வால் என்று சொல்லி அறுவை செய்தார்கள். எடுத்ததை ஒரு பாட்டிலில் போட்டுக் கணவரிடம் காட்டி, லேசாகச் சிவந்திருந்தது என்றார்கள். அந்தப் பாட்டிலைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை இப்போதும் சொல்ல முடியவில்லை. இவ்வளவுதானா, இந்தப் புழு மாதிரி இருக்கிறதுதானா என்று நினைத்தேன். தையல் காய்ந்து, வீட்டில் எல்லோரும் என்னைப் பிழைத்து வந்தவளாக நடத்திக்கொண்டிருந்தபோது மாதவிலக்கு வந்தது. அதே இடத்தில், அதே வலி.

அன்று நான் உடனே கட்டிலின் முன்னால் மண்டியிடவில்லை. அந்த நிலைக்குப் போனால் அம்மாவுக்கு ஆனது எனக்கும் ஆகிவிடும் என்று தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மண்டியிட்டேன்.

அடுத்த முறை பஜார் டாக்டர் மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். "படிச்ச பொண்ணுங்களுக்கு இது வரும்மா. ரொம்ப யோசிக்கிறீங்க" என்றார். நான் யோசித்தது உண்மைதான். வயிறு கொஞ்சம் உப்பினாலும் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்ப்பேன். அம்மாவின் வயிறு இப்படித்தான் தொடங்கியதா? கேட்க யாருமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. செய்தி எடுக்கப் போனேன். வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, உள்ளே பார்த்தபடி செய்கிற புதுமுறை அது. எஸ்டேட்டிலிருந்து லாரியில் வந்த பெண்கள் சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மலைக்குக் கீழே திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண் டாக்டர்தான் அறுவை செய்தார். நடு வயது, குட்டையான உருவம், குதிகால் தேய்ந்த செருப்பு. முகாம் முடிந்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். பேனாவை மூடிவிட்டு, வேறு எதையோ கேட்பது போலக் கேட்டேன்:

"என் பிரெண்டு ஒருத்தங்க இருக்காங்க டாக்டர். மாசாமாசம் அவங்களுக்கு உயிர் போற மாதிரி வலி. எல்லா டாக்டரையும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லைங்குறாங்க."

"பாத்ரூம் போறப்ப வலிக்குமா உங்க பிரெண்டுக்கு?"

"வலிக்கும்" என்றேன்.

"வீட்டுக்காரர்கூட இருக்கப்ப?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் டீயை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வலி இருக்கப்ப எந்த டாக்டர்கிட்டயாவது போயிருக்காங்களா?"

"இல்ல. குளிச்சிட்டுத்தான்..."

"எல்லாரும் குளிச்சிட்டுத்தான் வர்றீங்க. நான் என்னத்தைப் பாக்கிறது? அடுத்த மாசம் வலிக்கிறப்ப கீழ வாங்க. ரத்தம் போகுதுன்னு பாக்காதீங்க. குளிச்சிட்டு வராதீங்க." எழுந்துகொண்டே சொன்னார்: "உங்க பிரெண்டுகிட்டதான் சொல்றேன்."

அன்றைய செய்தியை நான் மோசமாக எழுதினேன். பஸ் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது பயம் வந்தது. அதுவரை எந்த டாக்டரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும், அதற்குள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். இவர் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த மாதம் வலி தொடங்கியது ஒரு மழை நாளில். பெருமாள்மலைக்குக் கீழே பஸ் பாதையில் மரம் விழுந்திருப்பதாகப் பேச்சு. மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த நெலமைல பஸ்ஸுல போறியா? ஆம்பளையும் பொம்பளையும் ஏறுற பஸ்ஸு. பாவாடை நனைஞ்சு போச்சுன்னா என்ன செய்வ?"

"டாக்டரே வரச் சொன்னாங்க அத்தை."

"எந்த டாக்டராவது இப்பிடிச் சொல்லுவாளா? அவ டாக்டரா, இல்ல வேற எதுவுமா?"

கணவர் பேச்சு குறைந்தவர். சாக்கிலிருந்து அரிசியை அளப்பது போலச் சொற்களையும் அளந்துதான் போடுவார். ஒரு பழைய போர்வையையும் ரப்பர் ஷீட்டையும் பைக்குள் திணித்தபடி சொன்னார்: "எம்மா, வழிய விடுங்க. வெரசாப் போனாத்தான் பகல் பஸ்ஸப் பிடிக்கலாம்."

மாமியார் விலகினார். விலகும்போது என் தலையில் சிலுவை போட்டார். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. பிரேதங்களுக்கு அவர் அப்படிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் ரப்பர் ஷீட்டை விரித்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் வலி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டது. முன் சீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பக்கத்து வரிசையில் ஒரு பெண், சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பத்தவர் என்று பேச்சில் தெரிந்தது, என் கணவரிடம் கேட்டார்:

"என்னங்க, பிள்ளத்தாச்சியா?"

"இல்லீங்க. வயித்து வலி."

"பாவம். இந்தாங்க, இந்த எலுமிச்சங்காயை மூக்குல வச்சுக்கச் சொல்லுங்க. கீழ போனா வெயிலு, எல்லாம் விட்டுப்போயிரும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மலையடிவாரத்துக் காட் ரோடு தாண்டி, வத்தலக்குண்டு வெயிலில் பஸ் நின்றபோது உண்மையிலேயே வலி விட ஆரம்பித்தது. வருடக்கணக்காக எந்த வலி போக வேண்டும் என்று வேண்டினேனோ, அது போய்விடுமோ என்று நடுங்கினேன். அங்கே போய்ப் படுத்து, "இப்ப இல்ல டாக்டர்" என்று மறுபடியும் சொல்ல வேண்டும். இவரும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு யாரும் இல்லை. அம்மாவுக்கு வந்தது போல வயிறு வீங்கும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டியதுதான்.

"கொறஞ்சிருக்கா?" என்றார் கணவர்.

"இல்ல" என்றேன். வலி போய்விட்டதா என்று என் வயிற்றை நானே விரலால் குத்திப் பார்த்தேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது திரும்ப வந்தது. வந்த வேகத்தில் வாந்தி எடுத்தேன். நர்ஸ் திட்டினார். நான் சிரித்தேன் என்று கணவர் பிறகு சொன்னார், எனக்கு நினைவில்லை.

பெண் டாக்டர் என்னைப் பார்த்ததும் "உங்க பிரெண்டு வரலையா?" என்றார். அதற்கு மேல் வேடிக்கை பேசவில்லை. சேலையை அகற்றச் சொன்னார். ரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உறை போட்ட கையால் உள்ளே பார்த்தார். பின் பக்கமாகவும் பார்த்தார். ஓரிடத்தில் விரல் பட்டது. நான் கத்தினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம்.

"இங்கதானே?" என்றார்.

இங்கேதான். நான் ஒருத்தி மட்டுமே அறிந்த அந்த இடத்தை முதல் முறையாக இன்னொருவரின் விரல் தொட்டிருந்தது. கண்ணீர் காதுக்குள் ஓடியது.

கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியே போய் முளைத்துக்கொள்ளும். அதுவும் மாதாமாதம் ரத்தம் விடும். போக வழியில்லாமல் உள்ளேயே ஒட்டும், கட்டியாகும். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றார். ஒரு பெயர் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். அந்த நேரத்திலும் அது எனக்கு முக்கியமாக இருந்தது.

பிறகு கேட்டேன். அம்மாவைப் பற்றி, நெல் மூட்டையைப் பற்றி, வீங்கிய வயிற்றைப் பற்றி எல்லாவற்றையும் முதல் முறையாகச் சொல்லிவிட்டுக் கேட்டேன்:

"அதுவா டாக்டர்?"

"அதுவா இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா உள்ள பாக்காம சொல்ல மாட்டேன். பாத்தாலும், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பாம சொல்ல மாட்டேன்."

மதுரையில் நிருபர்களிடம் நான் எதிர்பார்த்த பதில் அதுதான். அன்று அதை வெறுத்தேன்.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். நிலைமை மோசமாக இருந்தால் கர்ப்பப்பையை எடுக்கலாமா என்று கணவரைக் கேட்டார்கள். கையெழுத்து அவருடையதுதான் வேண்டும். அவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் என்றேன். அதையே அவர் வார்த்தை மாறாமல் அவர்களிடம் திருப்பிச் சொன்னார்.

மயக்க மருந்து ஏறும்போது கடைசியாக நினைத்தது மதுரையில் அம்மாவின் வயிற்றைத் திறந்துபார்த்தவர்களின் முகங்களை. திறந்தவுடன் மூடிவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். விழித்ததும் நர்ஸிடம் முதலில் கேட்டது, "எவ்வளவு நேரம் ஆச்சு?" நிறைய நேரம் என்றார். திறந்தவுடன் மூடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் மறுநாள் விவரம் சொன்னார். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் கட்டி. உள்ளே பழைய ரத்தம், உருகிய சாக்லேட் மாதிரி. மருத்துவத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தானாம். குடல் பின்னால் ஒட்டியிருந்தது. பிரித்துவிட்டிருந்தார். கர்ப்பப்பை இருந்தது. எடுத்த துண்டு பரிசோதனைக்குப் போயிருந்தது.

முடிவு வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. டாக்டர் தாழ்வாரத்தில் வரும்போதெல்லாம் அவருடைய தேய்ந்த செருப்புச் சத்தம் என் வார்டு வாசலில் வேகம் குறைகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். குறையாமல் தாண்டிப் போனால் நல்லது என்று ஒரு நாளும், கெட்டது என்று ஒரு நாளும் தோன்றும். கணவர் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

ஒரு காலை செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. "புற்று இல்ல" என்றார் டாக்டர், கட்டிலுக்கு வந்துசேரும் முன்பே. கணவர் உரித்த ஆரஞ்சைக் கீழே போட்டுவிட்டார். பிறகு டாக்டர் மற்றதையும் சொன்னார்: இது முழுசாகப் போகிற நோய் இல்லை, திரும்ப வரலாம், பிள்ளை பிறப்பதற்கு உறுதி சொல்ல முடியாது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என்னிடம் இருந்தது ஒரே கேள்வி.

"அப்ப என் அம்மாவுக்கும் இதுதானா டாக்டர்? அவங்களும் குளிச்சிட்டுத்தான் போனாங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அம்மாவை நான் பாக்கலை. வலி இதுவா இருந்திருக்கலாம். கடைசில வந்தது வேறயா இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா உங்களுக்கு நல்லாருக்கும்னு தெரியுது. ஆனா தெரியாது."

மலைக்குத் திரும்பும்போது பஸ் வத்தலக்குண்டில் நின்றது. என் ஊர் அய்யம்பாளையம் போகும் பஸ் எதிரில் நின்றிருந்தது. கணவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

அம்மா எதனால் செத்தாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாசலில் சித்தப்பா சொன்ன இரண்டு வாக்கியங்கள்; திறந்தவுடன் மூடினார்கள் என்ற ஊர்ப் பேச்சு; வந்தவர்கள் பெயர் சொல்லாத ஒரு வியாதி. அவ்வளவுதான் ஆதாரம். வேறு யாருடைய சாவைப் பற்றியாவது இப்படி ஒரு செய்தி என் மேசைக்கு வந்திருந்தால், சாவுக்கான காரணம் தெரியவில்லை என்று மாற்றித்தான் அனுப்பியிருப்பேன். அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன்.

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். "என்னவாம்?" என்றார். பெயரைச் சொன்னேன். அவர் அதைச் சொல்லிப் பார்க்க முயலவில்லை.

"அந்த வியாதி இல்லல்ல?"

"இல்ல அத்தை."

"அப்ப சரி. உள்ள வா. பனி எறங்குது."

சில மாதங்கள் கழித்து வலி திரும்ப வந்தது; முன்பைவிடக் குறைவு, ஆனால் அதே இடம். கட்டிலின் முன்னால் துண்டை மடித்து வைத்து மண்டியிட்டேன். பயம் இருந்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அந்த ரப்பர் ஷீட் இருந்தது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்றார். "குளிக்கணும்னு நிக்காத."